கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட குப்பி

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு ரோமில் ஜூலியா தோஃபானா என்பவள் விஷம் விற்று 600 கணவர்களைத் தீர்த்துக்கட்டினாளாமே! குடும்பப் பெண்களுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அதென்ன சரியாக 600? 597 என்றால் செத்தவர்களுக்கு மரியாதைக் குறைவா? சரித்திரத்தில் முழு எண்ணைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ராசிபலன்காரரோடு இதற்காகவே பேச்சுவார்த்தை இல்லை. ‘70 சதவீதம் நன்மை’ என்று எழுதுவார், மீதி முப்பதை எங்கே வைத்தார் என்று சொல்லமாட்டார்.

1659 ஜூலை 5 அன்று ரோமில், காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் இந்த விஷ வியாபாரத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் ஐந்து பெண்கள். தலைவி ஜிரோனிமா ஸ்பானா. திருச்சபைக்கு ஒவ்வாத கருத்துகளைச் சொன்ன தத்துவஞானி ஜோர்டானோ புருனோவை 1600இல் உயிரோடு கொளுத்தியதும் அங்கேதான். ரோமின் கறாரான சதுக்கம். ஜூலியாவோ அதற்குச் சில வருடங்கள் முன்பே தன் படுக்கையில் செத்துப்போனாள் என்கிறார்கள் ஆவணங்களைப் புரட்டியவர்கள்.

சரக்கின் அடிப்படை ஆர்செனிக். நிறமில்லை, ருசியில்லை. சூப்பில் சில சொட்டுகள். வாந்தி, வயிற்றுவலி, பிறகு பாதிரியார். பாரி நகரில் புனித நிக்கோலாவின் எலும்புகளிலிருந்து ஊறும் தீர்த்தம் என்று பெயர் சொல்லி, அவர் படத்தோடு குப்பியில் விற்றார்கள். நிக்கோலா யார் தெரியுமா? பிற்காலத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா! நல்ல பிள்ளைகளுக்குப் பொம்மை, கெட்ட கணவர்களுக்குத் தீர்த்தம். எந்த விளம்பரக் கம்பெனிக்காவது இது தோன்றுமா?

நெஞ்சழுத்தம் இருக்கட்டும். சீதனம் பேசி முடித்தவர் அப்பா, அடித்தவன் கணவன், திருமண முடிச்சு சாகும்வரை அவிழாது என்றது திருச்சபை. பிரிந்து வாழ அனுமதி கிடைத்தாலும் மறுமணம் கிடையாது. ‘சாகும்வரை’ என்றால் யார் சாகும்வரை என்று சில மனைவிகள் யோசித்துவிட்டார்கள். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்தது 1970இல். அதையும் ஒழிக்க 1974இல் வாக்கெடுப்பு நடத்தித் தோற்றார்கள். விவாகரத்தால் குடும்பம் அழிகிறது என்று மாதாமாதம் எனக்குக் கடிதம் எழுதுகிற பெரியவர் இந்த வரியை இருமுறை படிக்கவும்.

தூக்குக் கயிறும் ஆள் பார்த்தது. செரி நகரத்துக் கோமகள் மீதும் கணவனைக் கொன்றதாகச் சந்தேகம் இருந்தது. பெரிய இடம், தப்பித்தார். விற்றவர்கள்தான் தொங்கினார்கள்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலும் இதே கதை. ஜொவான்னா பொனன்னோ என்ற கிழவி பேன் கொல்லும் வினிகர் விற்றாள். தேடி வந்த மனைவிகளுக்குத் தலையில் பேன் இல்லை, வீட்டில் கணவன் இருந்தான். 1789 ஜூலையில் அவளையும் தூக்கிலிட்டார்கள். பேன்கள் தரப்பில் யாரும் சாட்சி சொல்லவில்லை.