விசிட் விசாவில் வேலைக்குப் போகலாமா?

துபாயில் ஹோட்டல் வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மருதானை ஏஜென்ட். நம்பலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

வேண்டாம். 2022இல் ஓமானில் சிக்கித் தவித்த நம் இலங்கைப் பெண்கள் பலரையும் விசிட் விசாவில்தான் அனுப்பினார்கள். சுவரில் மாட்டிய அனுமதிப்பத்திரத்தை ஏஜென்ட் காட்டலாம். அது மட்டும் போதாது. உங்களுக்கான அந்த வேலைக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தனியே அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். அந்த அங்கீகார இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின் 1989 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்கு தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலையாம். வாட்ஸ்அப்பிலேயே டைப்பிங் டெஸ்ட் வைத்துவிட்டார்கள். டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

டிக்கெட் பேங்கொக் வரைதான் இருக்கும். அங்கே காத்திருக்கும் வாகனம் நகரத்துக்குள் போகாமல் மணிக்கணக்கில் வடமேற்கே ஓடி, எல்லை ஊரான மே சொட்டில் நிற்கும். மோயி ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவடி. அங்கே போனையும் பாஸ்போர்ட்டையும் பிடுங்கிவிட்டு, போலிக் கணக்கில் காதல் பேசி கிரிப்டோவில் காசு போடவைக்கும் வேலை தருவார்கள். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. விட்டுவிடச் சொன்னால் பணம் கேட்பார்கள். 2024இல் மீட்கப்பட்ட இலங்கையர்களில் பலர் படித்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். உங்கள் தம்பியைப் போன்றவர்களைத்தான் இவர்கள் தேடுகிறார்கள்.

தடுத்துவிடுங்கள். கேட்காமல் கிளம்பிவிட்டால், தாய்லாந்து சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1155ஐ மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்கும் முன் அழைத்தால்தான் பயன்.

வீட்டை ஈடு வைத்தால் கப்பலில் கனடா போகலாமா?
– வாசகர், வத்தளை

அப்படி நம்பி ஏறிய 300க்கும் மேற்பட்டவர்கள், கப்பல் பழுதாகி, 2022 நவம்பரில் வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். காசு வாங்கியவர் கப்பலில் ஏறுவதில்லை. அவுஸ்திரேலியா என்று பேச்சை மாற்றினாலும் இதே பதில்தான். 2013 முதல் அங்கே படகுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

குவைத்தில் மகளின் பாஸ்போர்ட்டை எஜமான் வைத்திருக்கிறார், சம்பளமும் இல்லை. விரும்பித்தானே போனாள் என்கிறது ஏஜென்சி.
– ஒரு தாய், கொச்சிக்கடை

அம்மா, அந்தப் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். ஏமாற்றிக் கூட்டிப்போய் உழைப்பைச் சுரண்டினால், முன்பு கொடுத்த சம்மதம் செல்லாது, ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலேர்மோ நெறிமுறை அதைத் தெளிவாகவே சொல்கிறது. பாஸ்போர்ட் பிரதி, ஏஜென்சியின் ரசீது, எஜமான் வீட்டு முகவரி, மகள் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பணியகத்தில் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தால் மகள் நேரே நம் தூதரகத்துக்குப் போகட்டும். புதிய ஏஜென்ட் எவரையும் நம்பிப் போகவேண்டாம்.