செயலியை நீக்கியும் மகனின் ஃபோன் இரவு ஒன்பதுக்குப் பூட்டிக்கொள்கிறதா?

14 வயது மகனின் ஃபோனில் இருந்த ஃபேமிலி லிங்க் செயலியை (பிள்ளையின் ஃபோனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் செயலி) நீக்கியும் பூட்டு போகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டு மகனின் ஃபோனில் இல்லை, அவனுடைய கூகுள் கணக்கில் இருக்கிறது. அதனால்தான் செயலியை நீக்கியும் பயனில்லை. ஆம்பூரில் வேலை செய்யும் உங்கள் கணவரின் ஃபோனில் இருக்கும் ஃபேமிலி லிங்கைத் திறந்து, மகன் பெயரைத் தொட்டு, கணக்கு அமைப்புகளுக்குள் போனால் மேற்பார்வையை நிறுத்தும் வழி இருக்கிறது. அவர் குடியாத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கிருந்தபடியே செய்யலாம்.

அங்கே கணக்கை அழிக்கும் வழி மட்டுமே தெரிந்தால், பெரும்பாலும் பிறந்த ஆண்டுதான் காரணம். மகனுக்குப் 14 வயது என்கிறீர்கள். ஆனால் கணக்கில் 13க்குக் குறைவாகப் பதிவாகியிருந்தால் கூகுள் மேற்பார்வையை நிறுத்த விடாது. அவசரத்தில் ஏதோ ஓர் ஆண்டைப் போட்டுவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதே செயலியில் மகனின் விவரங்களைப் பாருங்கள். தவறாக இருந்தால் உண்மையான தேதியைப் போட்டுத் திருத்துங்கள்.

கணக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். மின்னஞ்சல், கூகுளில் சேமித்த படங்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

பஸ் ஏறி வேலூர் போய்க் கடையில் கொடுத்து ஃபோனை முழுவதுமாக அழிப்பதும் வீண் செலவு. அதே கணக்கில் நுழைந்ததும் பூட்டு திரும்பி வரும்.

இன்றிரவே அவசரமாகத் திறக்க வேண்டுமானால், கணவரின் செயலியில் கிடைக்கும் பெற்றோர் குறியீட்டு எண்ணை அவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அது தற்காலிகமாகத்தான் திறக்கும்.