மிஹாய் சேகெய்: ஹங்கேரியின் பாஸ் குரல் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சில இசைத்தட்டுகளில் மிஹாய் சேகெய் என்றும், சிலவற்றில் சேகெய் மிஹாய் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இருவரும் ஒருவர்தானா?

பதில்: ஒருவர்தான்; ஓபரா எனும் மேற்கத்திய இசைநாடகங்களில் பாடிய ஹங்கேரியர். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். மேற்கத்திய நிறுவனங்கள் அதைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன. அவர் 1901இல் யாஸ்பெரேன் நகரில் பிறந்தவர்.

கேள்வி: ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான பாஸ் குரலில் பாடுபவர் பலர் இருக்க, இவரை ஏன் தனித்துச் சொல்கிறார்கள்?

பதில்: நம் வழக்கில் மந்தர ஸ்தாயி என்போமே, அதன் அடியாழத்தில் பெரும்பாலான பாஸ் பாடகர்களுக்குக் குரல் வெறும் உறுமலாகிவிடும். சேகெய்க்கு அங்கும் சொல் தெளிவாக விழும், ஸ்வரம் நிற்கும். மொட்சார்ட்டின் ஓபராக்களில் வரும் ஓஸ்மின், சாராஸ்ட்ரோ ஆகிய பாத்திரங்களுக்காக 1957 முதல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழா அவரை அழைத்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: அவர் ஹங்கேரியை விட்டு வெளியேறினாரா?

பதில்: இல்லை. 1923இல் புடாபெஸ்ட் ஓபரா அரங்கில் மேடையேறியவருக்கு இறுதிவரை அதுவே தாய்வீடாக இருந்தது. 1947இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் வாக்னரின் ஓபராவில் ஹுண்டிங் என்ற பாத்திரமாக அறிமுகமாகிச் சில பருவங்கள் பாடினார். ஹங்கேரிய அரசின் கோஷுத் பரிசு அவருக்கு இருமுறை கிடைத்தது.

கேள்வி: ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் 'நீலத்தாடியின் கோட்டை' ஓபராவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பதில்: இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1918இல் அரங்கேறிய அந்த ஓபரா, 1919 புரட்சியின் வீழ்ச்சிக்குப் பின் நாடு கடந்து வாழ நேர்ந்த பேலா பலாஷ் அதன் பாடலாசிரியராக இருந்ததால், புடாபெஸ்டில் பல ஆண்டுகள் மேடை காணவில்லை. 1936இல் மீண்டும் மேடையேறியபோது சேகெய்தான் நாயகன் நீலத்தாடி. அவருடைய குரலுக்கு ஏற்பச் சில இடங்களில் பார்டோக்கே குரல்வரியை மாற்றிக் கொடுத்தார். இசையமைப்பாளர் தம் கையால் திருத்திக் கொடுத்த பாடத்தைப் பாடும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும்; பார்டோக்கின் இசை அந்தப் பேச்சு நடையைத் தழுவியே செல்வதால், தாய்மொழியாகப் பாடுபவரிடம் வரிகள் பாட்டாகவும் பேச்சாகவும் ஒருங்கே ஒலிக்கின்றன.

கேள்வி: எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: ஓல்கா ஸோனி நீலத்தாடியின் மனைவி யூதித்தாகப் பாட, அன்டால் டொராட்டி லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திய 1962ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டே காலமானார். குரலில் முதுமை தெரிகிறது என்று குறை சொல்வோர் உண்டு; நான் அதைக் குறையாக எண்ணவில்லை. கதையில் யூதித் கோட்டையின் பூட்டிய ஏழு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்கிறாள். ஆறாம் கதவு திறந்ததும் அசைவற்ற வெண்ணிற ஏரி தெரிகிறது. அது என்ன நீர் என்று யூதித் கேட்க, 'கண்ணீர்' என்ற ஒரே சொல்லை நீலத்தாடி திரும்பத் திரும்பச் சொல்கிறான். அந்த இடத்தில் சேகெய் குரலை உயர்த்துவதே இல்லை.