பெரியும்மாவின் ஒளு

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் தங்கை ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். காரணமே இல்லாமல் அழுவாள். பகலிலும் ஒரு மாத்திரை உண்டு. நோன்பை விடலாமா என்று கேட்டால், “ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனம், மாத்திரையை நிறுத்து” என்கிறார் பெரிய மாமா. ஜின் வேலையோ என்றும் வீட்டில் பேச்சு. மார்க்கம் என்ன சொல்கிறது?
– ர.

அன்புள்ள ர., வஅலைக்குமுஸ்ஸலாம்.

நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 185ஆம் வசனம் சொல்லிவிட்டது. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; முடியாதென்றால் நோன்பை விடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாமா யார்? ஜின் பேச்சுக்குள் நான் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் கொட்டகையில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோன பிறகு அந்தப் பேச்சே எனக்குக் கசக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ‘ஈமான் பலவீனம்’தான். என் பெரியும்மாவுக்கு ஊர் நேரெதிர்ப் பட்டம் கொடுத்தது: “பேணுதலான பொம்பளை.” சுபுஹுக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கு, ஒளு எடுக்க (கைகால் முகம் கழுவிச் சுத்தமாக) கிணற்றடிக்குப் போனால் வெயில் ஏறும்வரை வரமாட்டார். முழங்கையைக் கழுவுவார், நனையவில்லையோ என்று மறுபடி, அப்புறம் மறுபடி. விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து தொங்கும். தொழுகை நேரம் தப்பிக் கழாவாகிவிடும், அதற்கு வேறு அழுகை. நான் வாளி வாளியாய் இறைத்துக் கொடுத்தேன், நன்மை கிடைக்குமென்று. முட்டாள்.

இத்தனைக்கும் இதற்கு மார்க்கச் சட்டத்தில் பெயரே உண்டு: வஸ்வாஸ், விடாமல் அரிக்கும் சந்தேகம். ‘சந்தேகத்தால் உறுதி நீங்காது’ என்பது ஃபிக்ஹ் எனும் அந்தச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒளு முடிந்தபின் வரும் சந்தேகம் கணக்கிலேயே இல்லை. வஸ்வாஸ் பிடித்தவரோ நடுவில் வரும் சந்தேகத்தையும் கண்டுகொள்ளக் கூடாது. மூன்று முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ், வெறுக்கத்தக்கது. மதரஸாவில் நாங்கள் அத்தனை பேரும் ஒப்பித்த பாடம்தான் இது. கிணற்றடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் இறந்தபின் மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள்கூட அந்தக் கைகளைப் பார்த்து, “என்ன ஒரு சுத்தம்!” என்றார்களாம்.

தங்கையின் அழுகையைச் சொல்ல மறந்துவிட்டேன். 934இல் இறந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, துக்கத்தைக் காரணம் தெரிந்தது, தெரியாதது என்று இரண்டாகப் பிரித்தார். தெரியாததற்கு உடம்புக்குள்தான் காரணம், உடம்புக்கு வைத்தியம் பார் என்றார். ஈமானை அளக்கவில்லை. மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார். சரி, மருந்துச் சீட்டை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.