வீட்டில் இறந்தால் பி.எஃப். இன்சூரன்ஸ் கிடையாதா?

கேள்வி: விக்கிரமசிங்கபுரம் பக்கம் எங்கள் ஊர். கணவர் நூல் மில்லில் காண்ட்ராக்ட்டில் நாலு வருடம் வேலை பார்த்தார். சம்பளம் 14,000 ரூபாய், மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள். போன மாதம் வீட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். 'மில்லுக்குள்ள நடக்கல, இன்சூரன்ஸ் வராது' என்கிறார்கள். 25,000 ரூபாய் தந்து, 'இனி பாக்கி ஏதுமில்லை' என்ற தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவர் தம்பியை நாமினியாகப் போட்டிருந்தாராம். பணம் தனக்குத்தான் என்கிறார் கொழுந்தன். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

பதில்: தங்கச்சி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 25,000 ரூபாயை வாங்கினாலும், வாங்கிய தொகைக்கு மட்டும் ரசீது எழுதிக் கொடுங்கள்.

பி.எஃப். கட்டும் ஒவ்வொருவருக்கும் 1976 முதல் இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு உண்டு. தொழிலாளி சம்பளத்தில் இதற்குப் பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். வேலையில் இருக்கும்போது இறந்தால் போதும். வீட்டிலா, மில்லிலா, பஸ்ஸிலா என்ற கேள்வியே இதில் இல்லை. வேலையால் ஏற்பட்ட சாவா என்று பார்ப்பது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு தரும் வாரிசு உதவித்தொகைக்கு. அதை இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். இதற்கும் சாவு எங்கே நடந்தது என்று பார்ப்பதில்லை. ஆனால் இறந்த மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்கினால் 4,90,000 ரூபாய். அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதி சேரும். அவர் கணக்கில் ஒரு லட்சம் இருந்திருந்தால் 50,000. ஆக, ஐந்தே கால் லட்சத்துக்கு மேல். மில் கணக்குக் காட்டும் சம்பளம் 14,000-க்குக் குறைவாக இருந்தால் தொகையும் குறையும், சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். உச்சவரம்பு ஏழு லட்சம்.

கொழுந்தனுக்கு இதில் பங்கில்லை. பி.எஃப். சட்டத்தில் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி வாழ்ந்த பெற்றோர். தம்பி அதில் வரமாட்டார். கல்யாணம் ஆனதுமே அந்த நியமனம் செல்லாததாகிவிடும். செல்லுபடியாகும் நாமினி இல்லாதபோது தொகை குடும்பத்துக்குச் சமபங்காகப் பிரியும். உங்கள் மாமியார் மகனை நம்பி வாழ்ந்தவர் என்றால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைக்கப் போய் மனுவே சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவரையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். கொழுந்தன் சண்டையும் பாதி அடங்கும்.

இன்னும் இரண்டு உரிமைகள். உங்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். பிள்ளைகளுக்கு அதில் கால்பங்கு வீதம் தனித்தனியாக, 25 வயது வரை. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடம் ஆகவேண்டும் என்பார்கள், இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. நாலு வருடத்துக்கு 32,000 ரூபாய் சொச்சம் வரும்.

படிவங்கள் மூன்று: பி.எஃப். தொகைக்கு 20, காப்பீட்டுக்கு 5 ஐ.எஃப்., ஓய்வூதியத்துக்கு 10 டி. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக், ஆதார் வேண்டும். நம்ம பக்கம் ஒரு தொல்லை: 'இசக்கிமுத்து' போன்ற பெயரை ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் வேறு மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இந்த ஒரு எழுத்துக்காக மனு திரும்பி வரும். கொடுக்கும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, பெயர் திருத்தத்துக்கு எழுதிக் கொடுங்கள். மில்காரர் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் உங்கள் வங்கி மேலாளரோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளிக்கலாம். பிடித்த பணத்தைக் காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டிருந்தால் மில்தான் பொறுப்பு. அதை நெல்லை பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தால் 20 நாளுக்குள் முடிக்க வேண்டும். இழுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பி.எஃப். உறுப்பினரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு' என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. அம்பாசமுத்திரம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.