தோப்புக்குப் போக ஃபோர் வீல் வண்டி வேண்டுமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் கடலோரமாக எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் மண் பாதை, அதில் கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் மணல். துபாயில் இருக்கும் மகன், வாங்கினால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஷோரூமிலும், "கடற்கரைக்காரங்களுக்கு இதுதான் சார் சரி, உப்புக்காத்தையும் தாங்கும்" என்கிறார்கள். சாதாரண மாடலைவிடச் சில லட்சம் கூடுதல். வாங்கலாமா? — ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில் தருபவர்: விபத்து வாகனங்களை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர்.

உங்கள் பாதைக்கு வேண்டாம். மகனுக்கு ஆசை என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை. அந்தச் செலவைத் தோப்புக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி. ஆனால் "உப்புக்காற்றைத் தாங்கும்" என்று சொன்னார்கள் பாருங்கள், அது சுத்தப் பொய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் இன்ஜினின் இழுவை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது, அவ்வளவுதான். கியருக்குப் பக்கத்தில் தனி லீவர் இருக்கும். டூ-ஹெச் என்றால் சாதாரண ஓட்டம், ஃபோர்-ஹெச் என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும், ஃபோர்-எல் என்றால் நான்கும் மெதுவாக ஆனால் முரட்டு பலத்தோடு இழுக்கும். மகிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் இதைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. அந்த வித்தியாசம் கழன்று போக வழியில்லாமல் உள்ளே பல் சக்கரங்களை முறுக்கும். ஆக மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நீங்கள் எத்தனை தடவை போய்வந்தாலும் அந்த லீவருக்கு வேலையில்லை. பிரேக் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மழையில் ஃபோர் வீல் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்று ஷோரூம் பையன் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மணலில் வண்டியைக் காப்பாற்றுவது டயர் காற்றுதான். 32 பாயிண்ட் காற்றோடு மணலில் இறங்குகிற டயர் ஒல்லியாக நின்று மணலை வெட்டும். அதை 18-க்கு இறக்கிப் பாருங்கள், டயர் அகன்று படுத்து மணல்மேல் ஏறி நிற்கும். வேண்டுமானால் உங்கள் மகனையே கேளுங்கள். துபாயில் சுற்றுலாக்காரர்களை மணல் மேட்டுக்குக் கூட்டிப் போகிற டிரைவர், பாலைவனத்தில் இறங்குமுன் செய்கிற முதல் வேலை என்ன? இறங்கி நின்று நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்குவது. லேண்ட் குரூசருக்கே அந்தக் கதி. இரண்டாவது கியரில் சீராகப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டுத் தென்னை மட்டையைக் குறுக்காகப் போட்டு ஏற்றுங்கள். தோப்புக்காரருக்கு மட்டைக்கா பஞ்சம்? திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகமாக ஓட்டக்கூடாது. வண்டி சாக்கெட்டில் சொருகுகிற சின்னக் காற்றடிக்கும் மெஷின் இரண்டு மூவாயிரத்துக்குள் கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் தோப்புக்குத் தேங்காய் ஏற்ற வருகிற லோடு வண்டி எது? பெரும்பாலும் டாடா ஏஸ் மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு ஏது ஃபோர் வீல்? பின் சக்கர இழுவை, பின்னால் பாரம், ஓட்டுகிறவருக்குப் பாதை பழக்கம். இதை வைத்துத்தான் அவர் வந்து போகிறார். கடைசி மணல் துண்டில் மட்டும் இரண்டு சக்கரத் தடத்துக்குக் கிராவல் அடித்துவிட்டால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஷோரூம் கேட்கிற வித்தியாசப் பணத்தில் ஒரு பகுதிதான் ஆகும், லோடு வண்டிக்காரரும் வாழ்த்துவார்.

பிறகு ஏன் எல்லோரும் இதை வாங்குகிறார்கள்? நம் நாட்டில் ஜீப் என்பது 1947-இல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்ததிலிருந்து அதிகாரத்தின் வண்டி. போலீஸ், வனத்துறை, தாசில்தார், எஸ்டேட் முதலாளி. அதில் ஏறி உட்கார்ந்தால் ரோடு கீழே தெரியும், மற்ற கார்கள் காலடியில் தெரியும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிற பிள்ளைகளுக்கு அங்கே பார்த்த வண்டியின் ஏக்கம் வேறு. ஷோரூமுக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கலர் என்று கேட்பார்கள். சிமெண்ட் மேட்டில் ஏற்றி இறக்கி, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பதைக் காட்டுவார்கள். சுவரில் அலையைக் கிழித்துக்கொண்டு வண்டி பாய்கிற படம் தொங்கும்.

அதைவிடப் பெரிய தந்திரம், அதே முகத்தில் இரண்டு சக்கர இழுவை மாடலும் இருப்பது. தார் வண்டியில் 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல் வருகிறது, வெளியே பார்த்தால் லேசில் வித்தியாசம் தெரியாது. இதற்குப் பின்னால் இருப்பது வரி. இப்போதைய கணக்கு இது: 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இருக்கிற காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. தாரின் 1.5 லிட்டர் டீசல் பின் சக்கர மாடல் 18-க்குள் வந்துவிடுகிறது. 2.2 லிட்டர் டீசல் ஃபோர் வீல் 40-க்குப் போகிறது. ஜிம்னி எவ்வளவு குட்டி வண்டி! அதன் பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி என்பதால் அதுவும் 40. அதாவது சேற்றிலும் மணலிலும் பிழைப்புக்காக ஃபோர் வீல் வாங்குகிறவர் 40 கட்டுகிறார், முகத்துக்காக வாங்குகிறவர் 18 கட்டுகிறார். வண்டி எதற்கு என்று கேட்கிற சட்டம் நம்மிடம் இல்லை, டேப்பை வைத்து அளக்கிற சட்டம்தான் இருக்கிறது. இதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி: ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18. "கொஞ்சம்தான் சார் கூட" என்று மேல் மாடலுக்கு ஏற்றும்போது இந்தக் கோட்டைத் தாண்ட வைப்பதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள், அது மட்டும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்பக் கிடைக்கும்.

இனி கொட்டேஷன். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், வண்டி எது என்பதைவிட இங்கேதான் பணம் போகிறது. முதல் தாளில் ஷோரூம் விலை, வரி, பதிவுக் கட்டணம் இருக்கும். அதற்குக் கீழே "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி முளைக்கும். வண்டி விலையிலேயே டீலரின் கமிஷன் அடங்கியிருக்கிறது. எந்தச் சட்டப்படி இந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். அடுத்து இன்சூரன்ஸ். புது காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மூன்று வருடத்துக்குக் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. "வெளியே எடுத்தால் கிளெய்ம் வராது சார்" என்று பயமுறுத்துவார்கள். கிளெய்ம் பார்க்கிறவன் நான் சொல்கிறேன், வரும். பிறகு "ஆக்சஸரி கிட்" என்று ஒரு பொட்டலம். டெலிவரி சீக்கிரம் வேண்டுமானால் இது கட்டாயம் என்பார்கள். வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிற தரைவிரிப்புக்கும் கதவு ஓரத்துப் பிளாஸ்டிக்குக்கும் நீங்கள் தரும் இரட்டை விலை அது.

இதற்கு நடுவில் ஒரு "நம்ம ஆளு" வருவார். ஷோரூமில் ஆள் தெரியும், வெயிட்டிங் இல்லாமல் வண்டி எடுத்துத் தருகிறேன், லோனும் நானே முடித்துத் தருகிறேன் என்பார். அவருக்கு வண்டியிலும் கமிஷன், பேங்கிலும் கமிஷன். அவருக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள், ஆதார் நகலும் கொடுக்காதீர்கள். முன்பணம் ஷோரூம் கணக்குக்கு மட்டும், ரசீது உங்கள் பெயரில். இவரே அடுத்த வாரம் "பழைய ஃபோர் வீல் ஒன்று சல்லிசாக வந்திருக்கு" என்று வருவார். 2023 டிசம்பரில் சென்னையும் அதே மாதம் தூத்துக்குடியும் தண்ணீரில் நின்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முழுகின வண்டி எங்கே போகும்? கழுவி, சீட் மாற்றி, முழுகாத ஊருக்குத்தான் வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில் சேற்றுக் கோடு தெரியும்.

சரி, உப்பு. ராமநாதபுரம் கடற்கரையில் வண்டியைத் தின்பது மணல் இல்லை, உப்புதான். தார், ஜிம்னி, கூர்க்கா எல்லாம் அடியில் இரும்புச் சட்டத்தின்மேல் பாடி உட்காரும் வண்டிகள். சட்டத்தின் உள்பக்கம் குழாய்போல வெற்றாக இருக்கும். உப்பு மணலும் ஈரமும் அதற்குள் போய் உட்கார்ந்தால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிக்கும். 2017-இல் அரிச்சல்முனைக்கு ரோடு வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆளேற்றிப் போன வேன்களின், ஜீப்புகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. உண்மைதான், ஆனால் அது எவ்வளவு ஆழம் என்பதற்கான கணக்கு, உப்புக்கான கணக்கு இல்லை. கடல் தண்ணீரில் இறங்கிவிட்டு அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடிக்காவிட்டால் பலனை வண்டி பின்னாலே காட்டும். இங்கேதான் ஷோரூமில் "ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங்" விற்பார்கள். கறுப்பு ரப்பர் பூச்சு. சரியாகக் கழுவிக் காயவைக்காமல் அடித்தால் அது உப்பை உள்ளே வைத்து மூடிவிடும், தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் அடைத்துவிடும். வேண்டுமானால் சட்டத்துக்குள் அடிக்கிற மெழுகு வகை கேளுங்கள். இல்லையென்றால் வாரம் ஒரு தடவை தோப்பு மோட்டார் தண்ணீரை அடியில் பீய்ச்சுங்கள், தண்ணீர் உவர்ப்பாக இல்லாவிட்டால்.

அரியமான் கடற்கரையில் மாட்டிய ஒரு ஃபோர் வீல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பார்த்தேன். பிரித்து வைத்த கிளட்ச்சின் பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தது, கருகின வாடை போகவில்லை. இவ்வளவுக்கும் லீவர் கடைசிவரை டூ-ஹெச்சிலேயே இருந்திருக்கிறது. டெலிவரி நாளில் ரிப்பன், கேக், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், அட்டைச் சாவியோடு குடும்பப் படம் எல்லாம் நடந்திருக்கிறது. லீவரை எப்போது போடுவது என்று சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை. இன்சூரன்ஸில் இது விபத்து இல்லை, இயந்திரக் கோளாறு. வாரண்டியில் இது கோளாறு இல்லை, ஓட்டியவர் தவறு. இரண்டு வாசலும் சாத்தினால் நடுவில் நிற்பவர் நீங்கள்தான். அலை ஏறி இன்ஜினுக்குள் தண்ணீர் போன பிறகு சாவியைத் திருப்பினாலும் இதே கதை. இன்ஜினுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்குச் சாதாரண பாலிசியில் அது வராது.

யாருக்கு ஃபோர் வீல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இறால் பண்ணைக்காரர்கள் என்மேல் சண்டைக்கு வருவார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பண்ணைக் கரைமேல் தினமும் தீவன மூட்டையோடு போகிறவருக்கு வேண்டும். கரை குறுகல், இரண்டு பக்கமும் தண்ணீர், வழுக்கினால் வண்டி குளத்தில். அங்கே ஃபோர்-எல் போட்டு நடை வேகத்தில் ஊர்ந்து போவது உயிர்ப் பாதுகாப்பு. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் மிளகாய் வயலுக்கு மழைக்காலத்தில் போகிறவருக்கும் அப்படித்தான், ஆனால் அவர்கூட டயரை மாற்றினால்தான் பலன். ரோட்டு டயரின் வரிகளில் கரிசல் அப்பிவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். படகை டிரெய்லரில் வைத்து மணலிலிருந்து இழுக்கிறவருக்கும் வேண்டும். மூன்று பேருக்கும் பொதுவானது, வருடத்தில் பல நாள், கட்டாயம், வேறு வழியில்லை என்பது. உங்கள் தோப்பு இதில் சேராது. வருடத்துக்கு இரண்டு நாள் மாட்டுவதற்கு ஒரு டிராக்டர்காரர் போதும்.

மகன் கடைசியில் ஜெயித்துவிட்டால் இரண்டு விஷயம். முன்பக்கம் இரும்பு பம்பர் மாட்ட விடாதீர்கள். 2017 டிசம்பரிலேயே தடை செய்தாயிற்று, ஏர்பேக் வேலை செய்வதையும் அது கெடுக்கும். பிடித்தால் ஐயாயிரம் அபராதம். இருந்தும் கடைக்காரர் பட்டப்பகலில் ரோட்டோரத்தில் வைத்து விற்பதும், வண்டிக்காரர் மட்டும் அபராதம் கட்டுவதும் எந்த ஊர் நியாயமோ. இன்னொன்று, ஆமை முட்டையிட ஏறுகிற தை, மாசியில் கடற்கரை மணலில் வண்டியை இறக்க வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவை உங்கள் தோப்புப் பாதையில் கேளுங்கள். இரண்டு சக்கர மாடல், ஃபோர் வீல் மாடல் இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். டீசல் செலவு, தூரம் என்று இழுப்பார்கள். பதினைந்து லட்சம் வாங்குகிறவர் இருபது லிட்டர் டீசலுக்கு யோசித்தால் வேறு ஷோரூம் பாருங்கள். முதலில் இரண்டு சக்கர மாடலை, டயரில் 18 பாயிண்ட் வைத்து, மகனையே ஓட்டச் சொல்லுங்கள்.