கேம் கீ வாங்குனேன், மூணே வாரத்துல போச்சு, போலீஸ் வருமாங்ணா?

கேள்வி: ஏனுங்ணா, நான் பொள்ளாச்சி. 3500 ரூவா கேமுக்கு ஒரு ரீசெல்லர் சைட்ல, அதான் மத்தவங்க கீயை வாங்கி விக்கற எடத்துல, 1400க்கு ஸ்டீம் கீ (ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில போட்டா கேம் தொறக்கற கோடு) கெடச்சுது, கார்டுல வாங்கிட்டேன். மூணு வாரம் வெளையாடுனப்புறம் லைப்ரரில இருந்தே கேமைத் தூக்கிட்டாங்க. சைட்ல கேட்டா செல்லரைக் கேளுங்கறான், செல்லர் பதிலே போடல. காசு வருமா? திருட்டு கீங்கறாங்க, என் மேல கேஸ் வருமாங்ணா?

பதில்: தம்பி, மொதல்ல பயத்தை விடுங்க. திருட்டுப் பொருள் வாங்குன குத்தம், பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 411, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 317, அது நிக்கணும்னா திருட்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்ல அப்படி நம்பக் காரணமாச்சும் இருந்திருக்கணும். வெலை கம்மின்னு வாங்குனது மட்டும் அதுக்குப் பத்தாது. ஆனா இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல, இனி அதே ஆளுகிட்ட வாங்கிட்டு தெரியாதுங்கன்னா எடுபடாது.

பெரும்பாலும் நடக்கறது என்னன்னா, எவனோ திருட்டு கார்டுல கேமைச் செஞ்ச டெவலப்பர் கடையில கீ கீயா வாங்கி ரீசெல்லர் சைட்ல தள்ளிடறான், கார்டுக்காரர் பேங்க்ல புகார் குடுத்ததும் டெவலப்பர் காசையும் திருப்பிக் குடுத்து பேங்க் சார்ஜும் கட்டணும், அந்த வயித்தெரிச்சல்ல கீயைக் கேன்சல் பண்ணிடறாங்க. ஃபேக்டோரியோ கேம் செஞ்ச வூபே கம்பெனிக்கு, ஜி2ஏங்கற ரீசெல்லர் சைட்ல வித்த 198 திருட்டு கீக்காக 2020ல அந்த சைட்டே கிட்டத்தட்ட 40,000 டாலர் குடுத்துச்சு.

நம்மூர் சந்தையில மாடு புடிச்சாந்து கட்டுனப்புறம் சொந்தக்காரன் வந்து அவுத்துட்டுப் போனா வித்தவனைத்தான புடிப்போம்? இது மாடு கூட இல்லீங்க, ஸ்டீம்ல நமக்குக் கெடைக்கறது லைசென்ஸ்தான், குத்தகை மாதிரி. வெளிய வாங்குன கீக்கு ஸ்டீம் ரீஃபண்டும் தராது, அங்க மல்லுக்கட்டாதீங்க.

ஆர்டர் பேஜ், கீ வந்த மெயில், ஸ்டீம் நோட்டீஸ், பேங்க் எஸ்எம்எஸ் எல்லாத்தையும் இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, சைட்காரன் உங்க அக்கவுண்டை ப்ளாக் பண்ணிட்டா கெடைக்காது. அப்புறம் பேங்க்ல, கார்டுல போன காசைத் திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் போடுங்க, அதுக்கு நாள் கணக்கு இருக்கு. "நான் வாங்கவே இல்லைன்னு போடுடா"ன்னு கூட்டாளிக சொல்லுவாங்க, வேண்டாம், அது பொய். "வாங்குனேன், குடுத்த பொருளைப் புடுங்கிட்டாங்க"ன்னு உள்ளபடி எழுதுங்க.

சைட்டோட குறைதீர் அதிகாரிக்கும் மெயில் போடுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் போடணும், ஒரு மாசத்துல தீத்து வெக்கணும். வெளிநாட்டுக் கம்பெனியா இருந்தாலும் இந்தியாவுல தொடர்ந்து வித்தா இது பொருந்தும். மசியலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, அதுக்கும் மேல கோயமுத்தூர் நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, 2 வருஷம் டைம் உண்டு, வக்கீலும் வேண்டியதில்ல. ஆனா உள்ளதைச் சொல்றேன், இங்க ஆபீசே இல்லாதவன்கிட்ட ஆர்டர் வாங்கி 1400 ரூவாய வசூல் பண்றதுக்குள்ள பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் பஸ் சார்ஜே அதைத் தாண்டிரும், பேங்க் டிஸ்ப்யூட்டைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் பில்லை இன்னொருக்கா பாருங்க, பாதுகாப்புக்குன்னு சைட்காரன் தனியா காசு ஏதாச்சும் புடிச்சிருந்தா மொதல் மெயில்லயே அதைக் காட்டிக் கேளுங்க.